பந்து ஏன் வலப்பக்கமே போனது?

கண்மாய்க்குள் சாக்கு விரித்து நான் குப்புறப் படுத்திருந்தேன். முகவாய்க்கட்டையை இரண்டு கைகளின் மேல் வைத்திருந்தேன். மூக்குக்கு நேரே ஒரு சின்னக் குழி. குழிக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, என் கணவர் ஒரு கோலைப் பிடித்துக் குனிந்து நின்றார். கோலின் அடியிலிருந்த பித்தளைத் தலையில், என் குங்குமச் சிமிழின் மூடியிலிருந்து பெயர்த்த கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருந்தேன்.

"குழிக்கு நேரா வச்சுட்டீகளா?"

"வச்சுட்டேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நேராத்தான் இருக்கு. உனக்கு என்ன தெரியுது?"

அவர் சொன்னபடி நேராக இருந்திருந்தால் கண்ணாடியில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது ஒரு வேலமரம். எனக்குப் பின்னால், இடது கைப்பக்கம் நின்ற மரம். அது அங்கே இருப்பதையே அதுவரை நான் கவனித்ததில்லை.

"மரம் தெரியுது" என்றேன்.

"மரமா?" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் எரிச்சலும் இருந்தது, ஆவலும் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் ஆவலைக் கேட்டேன். அதனால்தான் அந்தக் காலைப்பொழுது இன்னும் மறக்கவில்லை. சாக்கின் சணல் வாடை, கழிவெண்ணெய் கலந்த மணலின் வாடை, முழங்கையில் குத்திய நெருஞ்சி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

துரை கோலி

சென்ற இதழில் என் கணவர் சௌந்தருக்குக் கண் போன கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டைக்கும் பாளையம்பட்டிக்கும் நடுவே இருந்த ஒரு மில்லில் அவர் வீவிங் மாஸ்டர். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளுக்குக் குறுக்கே இங்கும் அங்கும் பாய்ந்து ஓடும் மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். இரண்டு முனையிலும் இரும்புக் கொண்டை இருக்கும். ஒரு நாள் அப்படி ஓடிய நாடா ஒன்று தறியை விட்டுத் தெறித்து அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. மதுரையில் பெரிய டாக்டர்கள் பார்த்தும் அந்தக் கண் திரும்பவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

மில் மானேஜர் தாமோதரன் கோயம்புத்தூர்க்காரர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் எங்கோ படித்தார்கள். முன்பு நீலகிரிப் பக்கம் வேலை பார்த்தபோது கோல்ஃப் பழகியிருந்தார். எங்கள் ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பித்து விடவில்லை. புல்லே இல்லாத ஊரில் எங்கே ஆடுவது? மில்லுக்குப் பின்னால் கண்மாய் இருந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வறண்டு, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதற்குள் மூன்று குழிகள் வெட்டினார்.

குழியைச் சுற்றிப் பசும்புல் இருக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் சாஸ்திரம். அவர் திருச்சுழிப் பக்கத்துக் குண்டாற்று மணலை வண்டியில் அடித்து, மில் இயந்திரங்களிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கலந்து, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்பினார். எண்ணெய் கலந்தால் மணல் காற்றில் பறக்காது, பந்தும் உருளும். வெளிநாட்டில் பாலைவன ஊர்களிலும் இப்படித்தான் செய்வார்களாம். அதற்கு 'பிரவுன்' என்று பெயர் சொன்னார்.

மில் வாட்ச்மேன் காதர் பாய்க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மணலைச் சமன் செய்யும் வேலை. ஒரு கட்டையில் சாக்கைச் சுற்றி இழுப்பார். எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் அந்த விளையாட்டுக்கு 'துரை கோலி' என்று பெயர் வைத்தார்கள். பந்து கரிசல் வெடிப்புக்குள் விழுந்தால் குச்சி விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். சிலது பாதாளத்துக்கே போய்விடும்.

குழிக்குப் பக்கத்தில் பந்து வந்துவிட்டால் மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளுவதற்கென்று ஒரு தனிக் கோல் உண்டு. அதை மானேஜர் 'பட்டர்' என்பார். முதல் தடவை கேட்டபோது, பெருமாள் கோயில் பட்டருக்கு இங்கே என்ன வேலை என்று யோசித்தேன். அப்புறம் வெண்ணெய் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

மில் அதிகாரிகளில் மானேஜருக்கு ஈடுகொடுத்து ஆடியவர் என் கணவர் ஒருவர்தான். அதிலும் பட்டரைப் பிடித்தால் அவரை வெல்ல முடியாது. "உன் கண்ணுல நூல் கட்டி வச்சிருக்கியாய்யா?" என்பார் மானேஜர். அவர் தன்னிடமிருந்த பழைய பட்டர் ஒன்றை இவருக்கே கொடுத்துவிட்டார். மெல்லிய பித்தளைத் தலை, இரண்டு பக்கமும் தட்டை.

ஸ்டோரும் கறுப்புக் கண்ணாடியும்

கண் ஆறி இவர் வேலைக்குத் திரும்பியபோது மானேஜர் இவரைத் தறி ஓடும் ஷெட்டுக்குள் விடவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார். நட்டு, போல்ட்டு, பெல்ட்டு எடுத்துக் கொடுக்கிற இடம். சம்பளத்தில் கை வைக்கவில்லை. அவர் செய்தது அக்கறையில்தான். ஒற்றைக் கண்ணோடு ஒருவர் இத்தனை தறிகளுக்கு நடுவே நடந்தால், இருக்கிற கண்ணுக்கும் ஆபத்து வரும் என்று பயந்தார்.

ஆனால் இவர் தேய்ந்து போனார். ஸ்டோரில் உட்கார்ந்தபடி, சுவருக்கு அந்தப்பக்கம் ஓடும் தறிச் சத்தத்தை வைத்தே எந்த வரிசையில் கோளாறு என்று சொல்லுவாராம். சொல்லி என்ன செய்ய?

வீட்டில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் இடப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். நாங்கள் வாசலுக்குள் தெலுங்கும் வாசலுக்கு வெளியே தமிழும் பேசுகிறவர்கள். அந்த மாதங்களில் வாசலுக்குள் இரண்டு மொழியும் இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மானேஜர் இவரை வற்புறுத்திக் கண்மாய்க்கு அழைத்துப் போனார், பழையபடி ஆடட்டும் என்று. அன்று நானும் போயிருந்தேன். இவர் பட்டரைப் பிடித்துத் தட்டினார். பந்து குழிக்கு வலப்பக்கம் போயிற்று. மறுபடி தட்டினார், மறுபடியும் வலப்பக்கம். எத்தனை தட்டினாலும் அதே பக்கம். மானேஜர், "கை வெளிப்பக்கமா போகுது. நேரா இழு, நேரா விடு" என்று சொல்லிக் கொடுத்தார். பலனில்லை.

திரும்பி நடக்கையில் இவர் தயங்கித் தயங்கி, "சார், திரும்ப ஷெட்டுக்கே வந்துரட்டுமா?" என்று கேட்டார்.

மானேஜர் நின்றார். "அசையாம கிடக்கிற குழியே உனக்குத் தள்ளித் தெரியுது. ஓடுற தறிக்கு நடுவுல உன்னை எப்படிய்யா விடுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பட்டரைப் பரணில் போட்டார்.

"ஸ்டோர்லயே இருந்துட்டுப் போறேன் ராஜி. இனிமே அதைப் பத்திப் பேசாத" என்றார்.

மணலில் விழுந்த தடம்

எனக்கு வேறொன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியாதவர் அடித்தால் பந்து இப்படியும் அப்படியும் சிதறிப் போக வேண்டும். இவர் பந்து சிதறவில்லை. ஒரே பக்கம்தான் போயிற்று. அதுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. புல்தரையில் பந்து உருண்டால் தடம் தெரியாது என்பார்கள். எங்கள் எண்ணெய் மணலில் பந்து போன வழியெல்லாம் ஊசியால் கீறியது போல் கோடு விழும். அன்று அவர்கள் திரும்பி நடக்கத் தொடங்கியபோது நான் ஒரு நிமிஷம் பின்தங்கி நின்று பார்த்தேன். இவர் தட்டிய தடங்கள் ஓர் ஓலை விசிறியின் ஈர்க்குகள் போல இல்லை. ஒரு கட்டு வைக்கோல் போல, எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

தவறு செய்வதில் இவ்வளவு ஒழுங்கா? அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

பட்டரைப் பரணிலிருந்து எடுத்தேன். "எதுக்கு?" என்றார்.

"பந்து ஏன் வலப்பக்கமே போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப்போற?"

"ஒண்ணும் செய்யல. தெரியணும், அவ்வளவுதான்."

ஊரில் எல்லோரும் அவரைப் பாவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா அழுதாள், அவருடைய அண்ணன் பேச்சை மாற்றினார், மில்லில் டீக்காரர்கூட அவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை போட்டார். நான் பாவம் பார்க்கவில்லை. பந்து ஏன் அங்கே போகிறது என்று கேட்டேன். அதை அவரால் தாங்கிக்கொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன்.

"சரி, வாரேன்" என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் போனோம். காதர் பாய் வியப்போடு சாக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "என்ன தாயி, நீங்களுமா துரை கோலி வெளையாடப் போறீக?" என்று கேட்டார்.

முதலில் நான் மானேஜர் சொன்னதையே நம்பினேன். கை கோணுகிறது. இரண்டு மூங்கில் பிளாச்சை மணலில் இணையாகப் பதித்து, அந்தச் சந்துக்குள்தான் கோல் போய் வர வேண்டும் என்று வைத்தேன். இவர் கோல் பிளாச்சில் உரசவே இல்லை. தண்டவாளத்தில் ரயில் போவது போல நேராகப் போய் நேராக வந்தது. பந்து மட்டும் வலப்பக்கம் போயிற்று.

அப்படியானால் கோல் வளைந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். காதர் பாயிடம் கொடுத்தோம். வாழ்க்கையில் முதன்முறையாக அதைப் பிடித்தவர். அவர் தட்டியது ஒன்று இடப்பக்கம் போயிற்று, ஒன்று வலப்பக்கம், ஒன்று குழியிலேயே விழுந்தது. "அல்லா!" என்று அவரே சிரித்தார். கோலில் குற்றம் இல்லை.

கையிலும் இல்லை, கோலிலும் இல்லை. என் இரண்டு ஊகமும் தப்பு.

பாவு கற்றுத் தந்தது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பிறந்தது அருப்புக்கோட்டையில் நெசவுத் தெருவில். காலையில் தெரு நீளத்துக்கும் பாவு விரிப்பார்கள். நூற்றுக்கணக்கான இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவிடுவது. பாவின் ஒரு தலையில் குறுக்குக் கோல் ஒரு நூல் அளவு சாய்ந்து நின்றாலும், கிட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெருவின் மறுகோடியில் போய்ப் பார்த்தால் பாவே ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கோடியிலிருந்து அப்பா, "யாரு அங்கிட்டுக் கோலைச் சாச்சது?" என்று கத்துவார். இந்தக் கோடியில் நிற்கும் நாங்கள், எல்லாம் நேராகத்தானே இருக்கிறது என்று முழிப்போம்.

சாய்வு பிறக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. போய்ச் சேருகிற இடத்தில்தான் தெரியும்.

இது நினைவுக்கு வந்ததும் நான் கோல் போகும் பாதையைப் பார்ப்பதை விட்டேன். கோலின் முகத்தைப் பார்த்தேன். பந்தைத் தொடுகிற அந்தத் தட்டைப் பகுதி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது?

நானே தட்டிப் பார்த்தேன். முகத்தைக் குழிக்கு நேராக வைத்துக்கொண்டு, கையை வேண்டுமென்றே கோணலாக இழுத்தேன். பந்து லேசாக விலகியது, ஆனால் பெரும்பாலும் நேராகவே போயிற்று. பிறகு கையை நேராக இழுத்து, முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். பந்து முகம் பார்த்த பக்கமே போயிற்று. கை எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பந்து முகத்தின் பேச்சைத்தான் கேட்கிறது!

அந்த முகம் நாலரை விரற்கடை அகலம் இருக்கும், அவ்வளவுதான். அதன் ஒரு ஓரம் ஒரு நூல் திரும்பினால் பத்தடிக்கு அப்பால் பந்து நாலு விரல் தள்ளிப் போகிறது. குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு மூன்று விரல்கூடக் கிடையாது. ஒரு நூலில் எல்லாம் போச்சு.

ஆனால் இவர் முகத்தைத் திருப்பித்தான் வைக்கிறார் என்று எப்படிக் காட்டுவது? மேலிருந்து பார்க்கும் அவருக்கு அது நேராகத் தெரிகிறது. எனக்கோ அந்த ஒரு நூல் கண்ணுக்கே பிடிபடவில்லை. அப்போதுதான் குங்குமச் சிமிழின் ஞாபகம் வந்தது.

கண்ணாடிக்குள்

கண்ணாடியைக் கோலின் முகத்தில் ஒட்டினாற்போல் கட்டி, குழிக்குப் பின்னால் நான் கண்ணை வைத்தால், முகம் என்னை நேராகப் பார்க்கும்போது மட்டும்தான் நான் என்னையே பார்ப்பேன். கொஞ்சம் திரும்பினாலும் கண்ணாடி அதை இரட்டிப்பாக்கிக் காட்டிவிடும். கோலின் தலை லேசாகத்தான் மேலே பார்த்தாற்போல் சாய்ந்திருக்கும். உட்கார்ந்து பார்த்தால் என் முகம் கண்ணாடிக்குள் விழாத உயரத்தில் இருந்தது. அதனால்தான் சாக்கு, அதனால்தான் குப்புறப் படுத்தது. கண்மாய்க்கரையில் ஆடு ஓட்டிப் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு, ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் பேய் பிடித்த செய்தி பாளையம்பட்டி வரை போய்விட்டது.

வேலமரம் தெரிந்ததும் நான் சொன்னேன். "இடப்பக்கமாத் திருப்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். மெதுவா."

மரம் நகர்ந்தது. வானம் வந்தது. கரையின் ஒரு துண்டு வந்தது. என் தோள், என் காது.

"நில்லுங்க! அசையாதீக!"

கண்ணாடிக்குள் என் நெற்றிப் பொட்டு நின்றது.

இவர் குனிந்து கோலைப் பார்த்தார். "இதா நேரா இருக்கு? இது பனைமரத்தப் பாத்துக்கிட்டு நிக்குது ராஜி. வெளையாடுறியா?"

"அப்படியே வச்சு அடிங்க."

எழுந்து போய்க் கண்ணாடியை அவிழ்த்துவிட்டு, திரும்ப வந்து படுத்தேன். அடித்தார். பந்து நேரே வந்து என் மூக்கு நுனியில் குழிக்குள் விழுந்தது.

அவர் நிமிர்ந்தார். கறுப்புக் கண்ணாடியில் வியர்வை வழிந்து மங்கியது போலும், கழற்றித் துடைத்தார். பந்தைப் பார்த்துக் குனிந்து நின்று ஆடும்போது அவருடைய இடப்பக்கம்தான் குழிப்பக்கம். அதாவது என் பக்கம். பத்து மாதங்களாகச் சுவருக்குக் காட்டி மறைத்த அந்தக் கண்ணை, வெயிலில், முழுசாக அன்றுதான் பார்த்தேன். இமை உள்ளே வாங்கியிருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. நான் இத்தனை நாள் நினைத்துப் பயந்ததை விட அது சின்னதாக இருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "என்ன பாக்குற?" என்றார்.

"ஏன் கோணுதுன்னு பாக்குறேன்" என்றேன். உண்மையும் அதுதான்.

பீச்சாங்கை

காரணம் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. அவருக்கு நேராகத் தெரிவது கோணல், கோணலாகத் தெரிவது நேர். இதை மூளை ஏற்றுக்கொண்டது, உடம்பு ஏற்கவில்லை. நான் சொல்லிச் சொல்லித் திருப்பினால் பந்து விழும். நான் வாயை மூடியதும் கை தானாக ஒரு நூல் திருப்பிக்கொள்ளும். சில நாளில் அவருக்கு அலுத்துவிட்டது.

"ஆட்டத்துக்கு ஆட்டம் உன்ன முன்னாடி படுக்கவச்சுக்கிட்டா ஆட முடியும்?"

நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு காலையில் அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். நான் சும்மா பட்டரை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இடது கைதான் பழக்கம். சின்ன வயதில் 'பீச்சாங்கை' என்று அம்மாவிடம் அடி வாங்கி, சோறும் எழுத்தும் வலது கைக்கு மாறின. யாரும் பார்க்காதபோது மற்ற வேலையெல்லாம் இடதுதான். அன்றும் யோசிக்காமல் பந்துக்கு மறுபக்கம் போய் நின்று, கோலின் அடுத்த முகத்தால் தட்டினேன்.

"ஏன் அங்கிட்டுப் போயி நிக்கிற?" என்றார்.

"எனக்கு இதான் வாகா இருக்கு."

அவர் எழுந்தார். கோலை வாங்கினார். நான் நின்ற இடத்தில் நின்றார். தலையைக் குழிப்பக்கம் திருப்பினார். திரும்பக் குனிந்தார். மறுபடி திருப்பினார்.

"ராஜி, மூக்கு மறைக்கல!"

எனக்குப் புரியவில்லை. அவர் பழைய இடத்துக்கு ஓடிப்போய் நின்று காட்டினார். அந்தப் பக்கம் நின்றால் குழி அவருக்கு இடப்புறம். இருப்பதோ வலது கண். அந்தக் கண்ணால் இடப்புறம் பார்க்க மூக்குத்தண்டு குறுக்கே வருகிறது. அதைத் தாண்டிப் பார்க்க அவரை அறியாமல் தலையைத் தூக்கி, சாய்த்து, பின்னுக்கு வாங்கியிருக்கிறார். தலை சாய்ந்ததும் அவர் பார்த்த கோடு சாய்ந்தது. கோட்டோடு கோலின் முகமும் சாய்ந்தது. இந்தப் பக்கம் வந்தால் குழி வலப்புறம். வலது கண் தடையில்லாமல் பார்க்கிறது. தலை அசையவே வேண்டாம்.

நான் கண்ணாடியை அடுத்த முகத்துக்கு மாற்றிக் கட்டினேன். படுத்தேன்.

"வைங்க."

வைத்தார்.

"என்ன தெரியுது?"

"நான்தான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை

திசை கிடைத்துவிட்டது. பலம் கிடைக்கவில்லை. இடதுகைக்காரர் போல நின்றதும் எவ்வளவு வேகமாகத் தட்டுவது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. ஒன்று குழியைத் தாண்டி ஓடும், இல்லாவிட்டால் நடுவழியில் படுத்துவிடும். இன்னும் ஒரு மாதம் பழகுங்கள் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மானேஜரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மானேஜருக்குச் சந்தோஷம். ஆனால் இவர் பந்துக்கு மறுபக்கம் போய் நின்றதைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்னய்யா இது? விளையாட்டை மாத்துறியா?"

"நிக்கிற பக்கத்த மட்டுந்தான் சார் மாத்தியிருக்கேன்."

முதல் இரண்டு குழியிலும் மானேஜர் ஜெயித்தார். மூன்றாவதில் இருவர் பந்தும் மணலுக்கு வந்து சேர்ந்தன. இவர் பந்து குழிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அடி தள்ளி நின்றது. காதர் பாய் சாக்கை இழுத்து மணலைப் புதுத்துணி மாதிரி ஆக்கிவிட்டு ஒதுங்கினார். நான் கரையில் நின்றேன்.

இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். குனிந்தார். தட்டினார்.

பந்து உருண்டது, குழியை நோக்கி, வேறெங்கும் பார்க்காமல். உருண்டு, மெதுவாகி, குழியின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

மானேஜர் தன் பந்தை உள்ளே தள்ளினார். மூன்று குழியும் அவருக்கே. காதர் பாய் "ச்சே!" என்று தொடையில் தட்டினார். என் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

இவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்றார். மணலைக் காட்டினார். "இதப் பாருங்க."

பந்து கிளம்பிய இடத்திலிருந்து நின்ற இடம் வரை ஒரே கோடு. அதை இன்னும் ஒரு சாண் நீட்டினால் குழியின் நட்டநடுவுக்குப் போகும். மானேஜர் கோட்டின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்படிய்யா?"

இவர் சொன்னார். மூங்கில் பிளாச்சு, கண்ணாடி, வேலமரம், மூக்கு எல்லாவற்றையும் சொன்னார். மானேஜர் என் பக்கம் திரும்பி, "அந்தக் கண்ணாடி இருக்காம்மா?" என்று கேட்டார்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அவருடைய பட்டரில் கட்டினோம். மானேஜர் முன்னால் எப்படிப் படுப்பது என்று நான் தயங்க, காதர் பாய் தானே சாக்கை விரித்துப் படுத்தார்.

"நேரா வச்சாச்சு" என்றார் மானேஜர். "என்ன தெரியுது பாய்?"

காதர் பாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சும்மா சொல்லுய்யா."

"கோவிச்சுக்கிடாதீக அய்யா. எனக்கு என் மொகம் தெரியல. கரையில மேயிற வெள்ளாடு தெரியுது."

மானேஜர் கோலையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் அவருக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். அவர் வைக்கும்போதே கோலின் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. தட்டுகிற கணத்தில் மணிக்கட்டு அதை வலப்பக்கம் திருப்பி நேர் செய்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஒரு கோணலை இன்னொரு கோணலால் சமாளித்து வந்திருக்கிறார், இரண்டும் தெரியாமல். கை சோர்ந்த நாளில் ஏன் எல்லாம் இடப்பக்கம் போகிறது என்று அன்றுதான் புரிந்ததாம்.

வெயில் ஏறியது. ஆட்டத்தை எல்லோரும் மறந்தே போனோம்.

இவர் அப்போதுதான் கேட்டார். "சார், என் கண்ணு எங்க ஏமாத்தும்னு இப்ப எனக்குத் தெரியும். இடப்பக்கம் எனக்கு இருட்டு, அதுவும் தெரியும். ஷெட்டுல நான் சுத்துற பக்கத்த மாத்திக்கிறேன். தறி எப்பவும் என் வலப்பக்கம் இருக்கிற மாதிரி வாரேன். இன்னொரு தடவ விட்டுப் பாருங்க."

மானேஜர் பட்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு யோசித்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கம்பி வலை போட்ட கண்ணாடி ஒண்ணு மதுரையில சொல்லிச் செய்யச் சொல்றேன். அதைப் போடாம ஒரு அடி உள்ளே வைக்கக்கூடாது."

"சரி சார்."

"ஒரு மாசம். ஏதாவது ஒண்ணு ஆச்சு, திரும்ப ஸ்டோர்தான். அப்ப எங்கிட்ட மல்லுக்கட்டக்கூடாது."

"மாட்டேன் சார்."

"அப்புறம் உன் பந்துக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வலைக் கண்ணாடி வந்த பிறகு

கண்ணாடி மதுரையிலிருந்து வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு அவர் ஷெட்டுக்குக் கிளம்பினார். மில் சங்கு ஊதினபோது வாசலுக்கு வந்து நின்றேன்.

ஷிப்ட் விட்டு எல்லோரும் வந்த பிறகு, கடைசியாக வந்தார். தலைமயிரிலும் புருவத்திலும் மீசையிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஸ்டோரில் இருந்த மாதங்களில் அவர் ஒரு நாள்கூட அப்படி வந்ததில்லை.

"குளிச்சுட்டு வாரேன்" என்று தெலுங்கில் சொன்னார்.

"மொதல்ல சாப்பிடுங்க" என்று நானும் தெலுங்கில் சொன்னேன்.

சுவரை விட்டுத் தள்ளி, நடு வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். எந்த வரிசைத் தறியில் என்ன கோளாறு, யார் என்ன சொன்னார்கள், யார் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார். ஒவ்வொரு தடவை அவர் சிரிக்கும்போதும் ஒரு துளிப் பஞ்சு சோற்றில் விழுந்தது. நான் அதைத் தட்டிவிடச் சொல்லவில்லை.